படித்துப் போனவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள்

*கேரள – தமிழக எல்லையோரக் கல்லூரிகளுக்குக் கோடீஸ்வர முன்னாள் மாணவர்கள் அதிகம் இல்லை. ஆனால் பணத்தைவிட அரிதான ஒன்று அவர்களிடம் இருக்கிறது.*

1964-ல் எல்லைக்கோட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு கல்லூரி பிறந்தது. மேற்கே, நெய்யாற்றின்கரை வட்டத்தின் கொல்லயில் பஞ்சாயத்தில், தனுவச்சபுரத்தில் நாயர் சர்வீஸ் சொசைட்டி தொடங்கிய வேலுத்தம்பி நினைவு என்.எஸ்.எஸ். கல்லூரி. கிழக்கே, மார்த்தாண்டத்தில் இன்று நேசமணி நினைவு கிறிஸ்தவக் கல்லூரி என்று அறியப்படுவது. நடுவே பாறசாலை, இஞ்சிவிளை, களியக்காவிளை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக அரை நாள்கூடத் தேவையில்லை.

1956 நவம்பர் 1-ல் கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்த நெய்யாற்றின்கரையும் தமிழகத்தோடு வர வேண்டும் என்று கேட்டவர் மார்ஷல் நேசமணி. கேரளப் பக்கத்துக் கல்லூரி பெயர் தாங்கி நிற்கும் பழைய திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி தளவாயோ பிறந்தது தலக்குளத்தில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில். மாநிலங்கள் பிரிந்தபோது மனிதர்கள் அப்படியே பிரிந்துவிடவில்லை. கல்யாணம், சந்தை, ஆஸ்பத்திரி, படிப்பு எல்லாவற்றுக்கும் இரு பக்கத்தவரும் இன்றும் அங்கேயும் இங்கேயும் போய்வருகிறார்கள்.

இரண்டும் அறுபது வயதைத் தாண்டிய கல்லூரிகள். ஒரு கல்லூரியிலிருந்து ஆண்டுக்கு முந்நூறு பேர் வெளியேறினார்கள் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், அறுபது ஆண்டில் பதினெட்டாயிரம் பேர். ஒரு சின்னப் பட்டணமே எழும் எண்ணிக்கை. இவர்கள் எங்கே இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று இந்த எல்லையோரத்துக் கல்லூரி அலுவலகம் ஒன்றில் போய்க் கேட்டுப் பாருங்கள். சேர்க்கைப் பதிவேடு இருக்கும், டிசி கொடுத்த கணக்கு இருக்கும். அதற்குப் பிறகு அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்பது பெரும்பாலும் எங்குமே இருக்காது.

ஒரு நாள் சங்கமம்

முன்னாள் மாணவர்கள் கூடுவதே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கேரளத்தில் 'பூர்வ வித்யார்த்தி சங்கமம்' என்ற பேனர் இல்லாத கோடை விடுமுறையே கிடையாது. 2006-ல் லால் ஜோஸ் இயக்கிய 'கிளாஸ்மேட்ஸ்' படம் வந்தது. பழைய வகுப்புத் தோழர்கள் மீண்டும் கூடும் கதை, கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரியில் படமானது. அதற்குப் பிறகு மலையாள நாட்டில் இந்தக் கூடுகைகள் ஒரு அலையாகவே எழுந்தன. தமிழில் 2018-ல் வந்த '96' அதே வேலையைச் செய்தது. வாட்ஸ்அப் அதற்கு எண்ணெய் ஊற்றியது. முப்பது வருடமாக முகம் பார்க்காதவர்கள் ஒரே வாரத்தில் ஒரு குழுவுக்குள் வந்துவிடுகிறார்கள்.

அந்த நாளின் சந்தோஷத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. தலை நரைத்தவர்கள் பழைய பட்டப்பெயரால் அழைக்கப்படுவது, ஓய்வுபெற்ற ஆசிரியரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுவது, இறந்துபோன தோழனுக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்பது எல்லாம் மனித வாழ்வுக்குத் தேவையானவை. ஆனால் மறுநாள் என்ன நடக்கிறது? புகைப்படங்கள் பகிரப்படுகின்றன. ஒரு வாரம் குழு கலகலக்கிறது. பிறகு காலை வணக்கப் படங்கள், பிறகு அரசியல் சண்டை, பிறகு 'இன்னார் வெளியேறினார்' என்ற வரி. அந்த அலையில் கல்லூரி எங்கேயும் இல்லை. இன்று முதலாண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கோ பெண்ணுக்கோ அந்தச் சங்கமம் நடந்ததே தெரியாது.

முன்னாள் மாணவர் சங்கம் என்ற ஏற்பாட்டின் தொடக்கம் இப்படி இருக்கவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள வில்லியம்ஸ் கல்லூரியின் சங்கம் 1821-ல் தொடங்கியது. இன்றும் இயங்குகிற இப்படிப்பட்ட சங்கங்களில் மிகப் பழையது அதுதான் என்பார்கள். அது ஏன் தொடங்கியது? கல்லூரி ஒதுக்குப்புறமான மலைப்பகுதியில் இருந்தது. தலைவராக இருந்தவரே சில மாணவர்களைக் கூட்டிக்கொண்டு, ஆம்ஹர்ஸ்ட் என்ற ஊரில் புதுக் கல்லூரி தொடங்கப் போய்விட்டார். மூடிவிடுவார்களோ என்ற நிலைமை. அப்போது அங்கே படித்துப் போனவர்கள் திரும்பி வந்து, 'இது எங்கள் கல்லூரி, மூட விடமாட்டோம்' என்று கூடினார்கள். கூடியவர்களுக்கு உடனே செய்ய ஒரு வேலை இருந்தது, அந்தச் சங்கம் இருநூறு ஆண்டு நிலைத்துவிட்டது.

யாழ்ப்பாணத்தார் காட்டிய வழி

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தமிழர்களுக்குள்ளேயே இந்த விஷயத்தில் முன்னோடிகள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர் சங்கங்களைப் போல் வலுவான அமைப்பு தமிழ் உலகில் வேறில்லை என்று துணிந்து சொல்வேன். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி, பரியோவான் கல்லூரி, பருத்தித்துறை ஹாட்லி, உடுவில் மகளிர், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி என்று ஒவ்வொன்றுக்கும் கொழும்பில் ஒரு கிளை, லண்டனில் ஒரு கிளை, டொரன்டோவில் ஒரு கிளை, ஆஸ்திரேலியாவில் ஒரு கிளை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவானும் மோதும் கிரிக்கெட் ஆட்டம் 1904-ல் தொடங்கியது. 'வடக்கின் பெரும் சமர்' என்பார்கள். அந்த ஆட்டம் நடக்கும் நாட்களில் கனடாவில் பனியில் இருப்பவரும் ஸ்கோர் கேட்டுக்கொண்டிருப்பார்.

போர் மனிதர்களை உலகெங்கும் சிதறடித்தது. சிதறியவர்கள் ஊர்ப் பெயருக்கு அடுத்தபடி பள்ளிப் பெயரைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் கண்டுபிடித்தார்கள். புதிதாக வந்து இறங்கியவருக்கு வீடு பார்த்துக் கொடுத்தது, முதல் வேலை பிடித்துக் கொடுத்தது பெரும்பாலும் ஒரே பள்ளியில் படித்த அண்ணன்மார். அந்தக் கட்டு ஏற்பட்ட பிறகுதான் பள்ளிக்குக் காசு போனது. 2009-ல் போர் முடிந்தபின் வகுப்பறை, ஆய்வுகூடம், நூலகம், புலமைப் பரிசில் என்று உதவிகள் போய்ச்சேர்ந்தன. முதலில் ஒருவருக்கொருவர் உதவினார்கள், பிறகு பள்ளிக்கு உதவினார்கள். நம் ஊரில் இந்த வரிசையைத் தலைகீழாகப் போடுகிறார்கள். முதல் கூட்டத்திலேயே ரசீதுப் புத்தகத்தை நீட்டிவிடுகிறார்கள்.

யாழ்ப்பாண அனுபவத்தில் ஒரு குறையும் உண்டு. பெயர்பெற்ற பள்ளிகளுக்கே புலம்பெயர்ந்தவரின் பணமும் பாசமும் போய்க் குவிகின்றன. வன்னியின் ஓலைக்கொட்டில் பள்ளிக்குக் கடல் கடந்த சங்கம் எங்கே கிடைக்கும்? அதிகம் தேவைப்படுகிற பள்ளிக்கு அதிகம் சம்பாதிக்கிற பழைய மாணவர் இருப்பதில்லை. கொல்லயில் போன்ற ஊரின் கல்லூரியும் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறது.

228 கோடியும் நாமும்

2024 ஆகஸ்டில் கிருஷ்ணா சிவுகுலா என்ற முன்னாள் மாணவர் சென்னை ஐஐடிக்கு 228 கோடி ரூபாய் கொடுத்தார். அதற்கு முந்தைய ஆண்டு நந்தன் நிலேகணி தாம் படித்த மும்பை ஐஐடிக்கு 315 கோடி ரூபாய் அறிவித்தார். செய்தித்தாளில் இவற்றைப் படித்துவிட்டு நம் கல்லூரி நிர்வாகங்களுக்கும் ஆசை வருகிறது. நம்மிடம் படித்தவரில் ஒரு பெரும்புள்ளி இருக்க மாட்டாரா என்று தேடுகிறார்கள். அகப்பட்டவரை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துகிறார்கள். அகப்படாத பதினெட்டாயிரம் பேர் பார்வையாளர் வரிசையில்கூட இல்லை.

தனுவச்சபுரம் மாதிரியான கல்லூரிகளில் யார் படித்தார்கள் என்று பார்க்க வேண்டும். 1964-ஐ ஒட்டிக் கேரளத்தில் கிராமப்புறங்களில் பல கல்லூரிகள் முளைத்தன. நிலமேலிலும் சேர்த்தலையிலும் என்.எஸ்.எஸ். கல்லூரிகள் வந்தது அதே ஆண்டுதான். இரண்டாண்டு 'ப்ரீ டிகிரி' வகுப்பு அந்தக் காலத்துக் கல்லூரி வாழ்க்கையின் வாசல். 2000-ஐ ஒட்டி அந்த வகுப்பு கல்லூரிகளை விட்டு மேல்நிலைப் பள்ளிக்குப் போனது. அதுவரை, பத்தாம் வகுப்பு முடித்த பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் நேராகக் கல்லூரிக்குள் நுழைந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள்.

அதே 1964-ல்தான் ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' நாவலும் வந்தது. பனையேறிகளின் உலகம் அது. வயதுக்கு வந்துவிட்டாள் என்று லிஸியின் படிப்பை நிறுத்தி வீட்டுக்குள் உட்கார வைக்கிறார்கள். அந்த லிஸிகளின் மகள்களும் பேத்திகளும்தான் பின்னாளில் இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் பட்டம் வாங்கினார்கள். இன்று அவர்கள் பள்ளி ஆசிரியைகள், தாலுகா அலுவலக எழுத்தர்கள், கூட்டுறவு வங்கி ஊழியர்கள், மஸ்கட்டிலும் குவைத்திலும் கணக்கு எழுதுகிறவர்கள், பாதியில் படிப்பை மாற்றி நர்ஸாகிப் போனவர்கள், வீட்டிலிருந்தே டியூஷன் எடுப்பவர்கள். ஆண்களில் கேஎஸ்ஆர்டிசி கண்டக்டர் உண்டு, வளைகுடாவில் ஸ்டோர் கீப்பர் உண்டு, ரப்பர் கடை வைத்திருப்பவர் உண்டு.

இவர்களிடம் 228 கோடி கிடையாது. ஆனால் முதல் தலைமுறை மாணவருக்கு மிகவும் தேவைப்படுகிற ஒன்று இருக்கிறது: அடுத்த படி எங்கே இருக்கிறது என்ற அறிவு. படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு அதை வீட்டில் மாமாவும் சித்தியும் சொல்லிவிடுவார்கள். எந்தப் பரீட்சை எழுதலாம், எந்த விண்ணப்பத்தை எப்போது போட வேண்டும், எந்த ஏஜென்ட் ஏமாற்றுவார், எந்தப் படிப்புக்கு வெளியே மதிப்பு இல்லை என்பதெல்லாம் அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. முன்னாள் மாணவர் அமைப்பு என்பது அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் மாமா, அக்கா, அண்ணன். ஒரு கல்லூரி தன் பழைய மாணவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது இந்த உறவைத்தான்.

எல்லையோரத்துக்கே உரிய சிக்கல்களைப் பாருங்கள். கேரளப் பல்கலைக்கழகப் பட்டத்தோடு களியக்காவிளைக்குக் கிழக்கே அரசு வேலை தேடுகிறவர் டிஎன்பிஎஸ்சி தேர்வில் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதமாவது வாங்க வேண்டும். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளத்தில் எழுதிப் பழகிய பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய தடை! ஒரே சமூகத்துக்கு ஒரு மாநிலத்தில் கிடைக்கும் இடஒதுக்கீடு மற்ற மாநிலத்தில் செல்லாது. எந்த மாநிலத்தில் பூர்வீகம் என்று காட்ட எந்தச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பதில் தடுமாறி நிற்பவர்கள் உண்டு. இந்த வழியில் தாமே நடந்து மீண்ட ஒரு சீனியர் பத்து நிமிடம் போனில் பேசினால் போதும், ஒரு வருடம் வீணாகாது. எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இதற்குத் தனி அத்தியாயம் இல்லை.

எதற்காக இப்போது?

2023-ன் கேரளக் குடிபெயர்வு ஆய்வு ஒரு கணக்கைச் சொன்னது. வெளிநாட்டில் படிக்கும் மலையாளி மாணவர்கள் 2018-ல் சுமார் 1.3 லட்சமாக இருந்தார்கள். ஐந்து ஆண்டில் அது சுமார் 2.5 லட்சம் ஆனது. கல்லூரிகளில் இடங்கள் காலியாகக் கிடப்பதாகப் பேச்சு எழுந்ததும் இந்தக் காலத்தில்தான். பிள்ளைகள் போவதைத் தவறென்று சொல்ல முடியாது. கடன் வாங்கிப் போகிறவர்களில் எத்தனை பேர் அங்கே நடப்பதைத் தெரிந்துகொண்டு போகிறார்கள் என்பது வேறு கேள்வி. பர்மிங்ஹாமில் ஏற்கெனவே அடிபட்டுத் தேறிய ஒரு முன்னாள் மாணவர் முப்பது பேருக்கு ஒரு மணி நேரம் உள்ளதை உள்ளபடி பேசினால், எத்தனை வீட்டின் ஆதாரப் பத்திரங்கள் வங்கியில் அடமானமாகாமல் தப்பும்!

கேரளத்தில் 2024 ஜூலை 1 முதல் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்துவிட்டது. அதில் இன்டர்ன்ஷிப் ஒரு பகுதி. திருவனந்தபுரம் நகரத்துக் கல்லூரி மாணவருக்குத் தொழில்நுட்பப் பூங்கா பக்கத்தில் இருக்கிறது. பாறசாலை, கொல்லயில் பக்கத்து மாணவர் எங்கே போவார்? பக்கத்துக் கூட்டுறவு வங்கியின் மேலாளர், நெய்யாற்றின்கரையில் ஆடிட்டர் அலுவலகம் வைத்திருப்பவர், களியக்காவிளைச் சந்தையின் மொத்த வியாபாரி, உள்ளூர்ப் பத்திரிகை நிருபர் — இவர்களில் இந்தக் கல்லூரியில் படித்தவர் ஒருவர்கூட இல்லாமல் இருக்க முடியாது. ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டு பேரை ஏற்றுக்கொண்டாலே கல்லூரியின் தலைவலி பாதி தீரும். கேரளக் கல்லூரிக் கல்வித்துறையின் 'வாக் வித் எ ஸ்காலர்' திட்டத்திலும் வெளி வழிகாட்டிகளுக்கு இடம் உண்டு. அந்த இடத்தில் தெரியாத ஒரு பேச்சாளரை அழைப்பதைவிட, இதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரை அழைப்பது மேல்.

பல கல்லூரிகளில் முன்னாள் மாணவர் சங்கம் உயிர்பெறுவது 'நாக்' தரமதிப்பீட்டுக் குழு வருகிறது என்று தெரிந்தவுடன்தான். அந்த மதிப்பீட்டில் பதிவு செய்யப்பட்ட சங்கம் உண்டா, அது என்ன பங்களித்தது என்ற கேள்வி இருக்கிறது. அவசரமாக ஒரு கூட்டம், ஒரு நிர்வாகக் குழு, ஒரு கோப்பு. குழு வந்துபோனதும் கோப்பு அலமாரிக்குள் போய்விடும். மதிப்பெண்ணுக்காகத் தொடங்கினாலும் குற்றமில்லை. மதிப்பெண்ணோடு நிறுத்துவதுதான் குற்றம்.

வேலை எங்கிருந்து தொடங்குகிறது

பெயர்ப் பட்டியலிலிருந்து. இது கேட்க எளிது, செய்யக் கடினம். சேர்க்கைப் பதிவேடுகளை ஆண்டுவாரியாகத் தட்டச்சு செய்வது கணினிப் பிரிவு மாணவர்களுக்கு நல்ல பயிற்சி. அதோடு பழைய ஆண்டு மலர்கள், துறைவாரியாக எடுத்த குரூப் போட்டோக்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் பாடவாரியாக இரண்டு பேரைப் பிரதிநிதிகளாகப் பிடிக்க வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருந்தே ஆக வேண்டும். கல்லூரி முழுவதற்கும் ஒரு செயலாளர் பதினெட்டாயிரம் பேரைத் தேட முடியாது. தன் வகுப்பு நாற்பது பேரை யாரும் தேடிவிடுவார்.

பெண் பிரதிநிதி என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முன்னாள் மாணவர் கூட்டங்களில் அதிகம் தொலைந்துபோகிறவர்கள் பெண்கள். கல்யாணத்தோடு ஊர் மாறுகிறது, வீட்டுப் பெயரும் இனிஷியலும் மாறுகின்றன, போன் எண் மாறுகிறது. பதிவேட்டில் அப்பாவின் பெயரோடு இருக்கிறவர் வாழ்க்கையில் வேறு பெயரோடு இருக்கிறார். அவரைக் கண்டுபிடிக்க இன்னொரு தோழியால்தான் முடியும். கண்டுபிடித்த பிறகும், ஆண்கள் நூறு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அவர் எண்ணைச் சேர்த்துவிட்டால், நாலாவது நாள் தேவையில்லாத அழைப்பு வரும், ஐந்தாவது நாள் அவர் வெளியேறுவார். எண்ணைக் கேட்டு வாங்கியவர் அதை எதற்குப் பயன்படுத்துவோம் என்று சொல்லி அனுமதி பெற வேண்டும் என்பதே 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. சட்டம் இல்லாவிட்டாலும் மரியாதை அதுதான். எல்லோரும் பேசும் குழு வேறு, அறிவிப்பு மட்டும் வரும் குழு வேறு என்று பிரித்துவைத்தால் பாதிப் பேர் தங்கிவிடுவார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் நீளும் கூட்டம் என்றால் பெண்களை அழைக்கவில்லை என்றே பொருள்.

கூடும் காலத்தையும் யோசிக்க வேண்டும். வளைகுடாவில் பள்ளிகளுக்கு ஜூலை, ஆகஸ்டில் விடுமுறை. குடும்பத்தோடு ஊர் வருபவர்கள் அப்போதுதான் வருவார்கள். கேரளத்தில் கல்லூரியும் அப்போது நடந்துகொண்டிருக்கும். அவர்களை மேடைக்குக் கூப்பிடுவதைவிட வகுப்பறைக்குக் கூப்பிடலாம். அழைப்பிதழை மலையாளத்திலும் தமிழிலும் அச்சிட வேண்டும். விளவங்கோட்டிலிருந்து வந்து படித்துப் போன ஒருவருக்குத் தன் மொழியில் வரும் ஒரு கடிதம் தரும் நெருக்கத்தை வேறு எதுவும் தராது.

யாரை மையத்தில் வைப்பது? பொறுப்பு ஆசிரியர் ஒருவரை நியமிப்பது வழக்கம். அவர் ஒரே நிர்வாகத்தின் வேறு கல்லூரிக்கு மாற்றலாகிப் போனதும் எல்லாம் நின்றுவிடும். ஊரிலேயே இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் பக்கத்திலேயே வாழும் பழைய மாணவர்களும் சேர்ந்த ஒரு சின்னக் குழுதான் நிலைக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியரின் குரலுக்கு இருக்கும் சக்தி எந்தச் செயலிக்கும் கிடையாது. 'டீச்சர் கூப்பிட்டாங்க' என்றால் அமெரிக்காவில் இருப்பவரும் போனை எடுப்பார்.

இன்னொன்று, கேரள வளாகங்களில் மாணவர் அரசியல் ஆழமானது. அன்று எதிரெதிர்க் கொடி பிடித்தவர்கள் ஐம்பது வயதிலும் அதை மறப்பதில்லை. நிர்வாகக் குழுவை ஒரு கட்சிக்காரர்கள் மட்டும் நிரப்பினால் மறு தரப்பு அந்த வாசலையே மிதிக்காது. தலைவர் பதவிக்கு உச்ச வரம்பாக இரண்டு ஆண்டு, தொடர்ந்து மறுமுறை இல்லை என்று விதி எழுதிவைப்பது நல்லது. சாதிக்கும் மதத்துக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். நிர்வாகம் எந்தச் சமூகத்தின் அமைப்பாக இருந்தாலும், அந்த பெஞ்சுகளில் உட்கார்ந்தவர்கள் எல்லாச் சமூகத்தவரும்தான்.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம்

பணம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பஸ் கட்டணம் இல்லாமல் வகுப்புக்கு வராத பிள்ளைகள் இருக்கும்போது பணம் வேண்டும். ஆனால் பணத்துக்குத் தெளிவான வழி வேண்டும். சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் போதும். நெய்யாற்றின்கரையில் இருப்பவர்களுக்கு அது 1955-ன் திருவிதாங்கூர்–கொச்சி சங்கச் சட்டம். களியக்காவிளைக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு 1975-ன் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். தனிநபர் வங்கிக் கணக்கில் நன்கொடை வாங்குவது, எவ்வளவு நல்லவர் வாங்கினாலும், சண்டையில்தான் முடியும். கணக்கை ஆண்டுதோறும் எல்லோருக்கும் அனுப்ப வேண்டும், கேட்காமலே.

வெளிநாட்டுப் பணம் குறித்துப் பலருக்கும் தெளிவில்லை. துபாயிலோ தோஹாவிலோ இந்தியக் கடவுச்சீட்டோடு வேலை செய்கிறவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே வகுப்பில் படித்த தோழி அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டார் என்றால், அவர் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை. 2010-ன் எஃப்சிஆர்ஏ சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் அதை வாங்கக் கூடாது. நல்ல மனதோடு அனுப்பிய ஆயிரம் டாலர் சங்கத்துக்கே வினையாகிவிடக் கூடாது.

வளைகுடாவில் கேரளக் கல்லூரிகளின் முன்னாள் மாணவர் அமைப்புகளை ஒரே குடையின்கீழ் சேர்த்திருக்கிறது ஐக்கிய அரபு அமீரகத்தின் 'அக்காஃப்'. ஓணக் கொண்டாட்டம் அவர்களுக்குப் பெரிய விழா. ஆனால் தொழிலாளர் முகாம்களில் நோன்பு காலத்தில் உணவு கொடுப்பது போன்ற சேவைகளுக்கும் அவர்கள் பெயர் பெற்றவர்கள். கல்லூரியின் பெயரால் கூடியவர்கள் கல்லூரிக்கு வெளியே இருக்கும் ஏழைக்கும் பயன்பட்டார்கள். கொண்டாட்டமும் பொறுப்பும் ஒன்றுக்கொன்று பகை இல்லை என்பதற்கு இது சாட்சி.

அரசுகளும் இந்த உறவின் பலத்தைப் புரிந்துகொண்டிருக்கின்றன. கேரளம் 2017 ஜனவரியில் பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கத்தைத் தொடங்கியபோது முன்னாள் மாணவர்களும் பெற்றோரும் பள்ளிகளைச் சுற்றிக் கைகோத்து நின்றார்கள். தமிழகம் 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்தைத் தொடங்கி, அரசுப் பள்ளியில் படித்து உயர்ந்தவர்களை அழைத்தது. பள்ளிகளுக்குக் கிடைத்த இந்தக் கவனம் கிராமத்து அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கும், தனுவச்சபுரத்தில் இருப்பது போன்ற அரசு ஐடிஐகளுக்கும் இன்னும் வந்து சேரவில்லை. ஐடிஐயில் படித்தவர்களை முன்னாள் மாணவர்களாக எண்ணும் பழக்கமே நம்மிடம் இல்லை. வளைகுடாவின் கப்பல் தளங்களிலும் மின் நிலையங்களிலும் வேலை செய்யும் ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன்களைவிட வேலை உலகம் தெரிந்த முன்னாள் மாணவர் யார் இருக்கிறார்கள்? ஒரே பஞ்சாயத்தில் இருக்கும் கலைக் கல்லூரியும் ஐடிஐயும் சேர்ந்து ஒரு பட்டியல் வைத்துக்கொண்டால், இரண்டுக்கும் லாபம்.

எப்படி அளப்பது என்று கேட்பார்கள். எத்தனை பேர் விழாவுக்கு வந்தார்கள், எவ்வளவு வசூலானது என்பதை விட்டுவிடலாம். இந்த ஆண்டு இறுதியாண்டு மாணவர்களில் எத்தனை பேருக்கு ஒரு முன்னாள் மாணவரின் பெயரும் போன் எண்ணும் தெரியும், எத்தனை பேர் அவரை ஒரு முறையாவது அழைத்துப் பேசியிருக்கிறார்கள்? நூற்றுக்கு இருபது பேர் என்றால் அந்தச் சங்கம் உயிரோடு இருக்கிறது. ஒருவரும் இல்லை என்றால், எவ்வளவு பெரிய தோரணவாயில் கட்டியிருந்தாலும் அது இல்லாத சங்கம்தான்.

இதைப் படிக்கிற நீங்கள் தனுவச்சபுரத்திலோ மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ, தமிழ் பேசும் வேறு எந்த ஊரிலோ ஒரு சின்னக் கல்லூரியில் படித்தவராக இருக்கலாம். அழைப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் துறைத்தலைவருக்கு இந்த மாதமே ஒரு கடிதம் எழுதுங்கள். பெயர், படித்த ஆண்டு, இப்போது செய்யும் வேலை, எந்த விஷயத்தில் ஒரு மாணவருக்கு உங்களால் வழி சொல்ல முடியும், வாரத்தில் எந்த நேரம் போனில் கிடைப்பீர்கள் — இந்த ஐந்தும் போதும். உங்கள் வகுப்பில் படித்த இன்னும் இரண்டு பேரின் பெயரையும் எண்ணையும் அவர்களிடம் கேட்டுவிட்டு அதிலேயே சேர்த்து அனுப்புங்கள்.